செப்டம்பர் 2018, வயோமிங்: கிரிஸ்லி கரடியும் எல்க் வேட்டைக்காரர்களும்

2018 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் வனப்பகுதியின் டெரஸ் மலைப் பக்கம், இரண்டு பேர் ஓர் எல்க் மானைக் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேட்டை வழிகாட்டி. மற்றவர் அவருக்குப் பணம் கொடுத்து வேட்டைக்கு வந்த வெளிமாநிலக்காரர். மான் முந்தின நாளே அம்பு பட்டது. இருட்டிவிட்டதால் அன்று தேட முடியவில்லை; மறுநாள் வந்து கண்டுபிடித்தார்கள். கைத்துப்பாக்கி பைகளோடு சற்றுத் தள்ளிக் கிடந்தது. வழிகாட்டியிடம் கரடியை விரட்ட அடிக்கும் ஸ்பிரே இருந்தது.

ஒரு பெண் கிரிஸ்லியும் அதன் ஒன்றரை வயதுக் குட்டியும் வந்தன. வந்தன என்பதைவிடப் பாய்ந்தன என்றே சொல்ல வேண்டும். தாய்க்கரடி நேராக வழிகாட்டி மேல் விழுந்தது. வாடிக்கையாளர் துப்பாக்கியை எடுத்தார்; சுட முடியவில்லை. கரடி அவர் பக்கம் திரும்பி அவரையும் காயப்படுத்தியது. துப்பாக்கியை வழிகாட்டியை நோக்கி வீசினார். அது போய்ச் சேரவில்லை. குதிரையைப் பிடித்து ஏறி, செல்போன் சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய் உதவி கேட்டார். வழிகாட்டியின் உடல் மறுநாள் கிடைத்தது. அவர் ஸ்பிரே அடித்திருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாநில வனவிலங்குத் துறையினர் தாயையும் குட்டியையும் சுட்டுக் கொன்றார்கள்.

மானின் உடலைக் கரடிகள் முன்பே கண்டுபிடித்துக் காவல் காத்ததற்கான தடயம் இல்லை என்றது துறை. அதாவது, "கரடியின் சாப்பாட்டில் கை வைத்தார்கள், அதனால் தாக்கியது" என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

இந்தச் சம்பவத்தை ஆய்வுக்கு எடுக்க இன்னொரு காரணமும் உண்டு: அதன் தேதி. முந்தின நாள், செப்டம்பர் 13 அன்று, பக்கத்து மாநிலமான மோன்டானாவில் மிசூலா நகரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, வயோமிங்கில் நடக்கவிருந்த கிரிஸ்லி வேட்டைக்கு விதித்திருந்த தடையை மேலும் இரண்டு வாரம் நீட்டியிருந்தார். சம்பவத்துக்கு மறுநாள், 15-ஆம் தேதி, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றிய மையப் பகுதிகளில் அந்த வேட்டை தொடங்கியிருக்க வேண்டும். இடைப்பட்ட ஒரே நாளில் மனிதர் ஒருவர் இறந்தார். அப்புறம் என்ன, வேட்டைக்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசத் தொடங்கினார்கள். சேர்த்துப் பேசியது இயல்பு. சரியா என்பது வேறு கேள்வி.

கணக்கு எங்கே தொடங்குகிறது

ஐரோப்பியர் மேற்கே பரவுவதற்கு முன், அலாஸ்காவை விட்டுவிட்டு இன்றைய அமெரிக்கப் பெருநிலத்தில் மட்டும் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாகக் கணிப்பு. 1975-இல் மிஞ்சியவை 700, 800. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 136 வரை இறங்கிவிட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் கீழ் கிரிஸ்லிக்குப் பாதுகாப்பு வந்தது.

யெல்லோஸ்டோனில் எண்ணிக்கை சரிந்ததற்கு வேட்டைக்காரர்கள் மட்டும் காரணமில்லை. பூங்காவின் குப்பைமேடுகளில் தின்று வளர்ந்த கரடிகள் அவை. 1970 வாக்கில் குப்பைமேடுகளைச் சட்டென்று மூடினார்கள். மெல்ல மெல்ல மூடுங்கள் என்று அங்கே கரடிகளை ஆராய்ந்துவந்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் சொன்னதை நிர்வாகம் கேட்கவில்லை. பசியோடு முகாம்களுக்கும் ஊர்களுக்கும் வந்த கரடிகள் நிறையக் கொல்லப்பட்டன.

பிறகு நாற்பது ஆண்டு உழைப்பு. கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி, ஆட்டு மந்தைகளை மலையிலிருந்து இறக்கியது, காட்டில் உணவை மரத்தில் தொங்கவிட வேண்டும் என்ற விதி. யெல்லோஸ்டோன் வட்டாரத்துக்கு இலக்காக வைத்த எண் 500. 2017-இல் அங்கே 700 இருப்பதாகச் சொல்லி, மத்திய வனவிலங்குத் துறை பாதுகாப்பை நீக்கியது. பொறுப்பு வயோமிங், மோன்டானா, ஐடஹோ மாநிலங்களின் கைக்கு வந்தது. மோன்டானா வேட்டை வேண்டாம் என்றது. ஐடஹோ ஒரே ஒரு கரடிக்கு அனுமதி தந்தது. வயோமிங் 22 வரை என்றது.

இந்தப் பணியில் வயோமிங் மாநிலம் செலவிட்டது 5 கோடி டாலருக்கும் மேல் என்பது மாநிலத்தின் கணக்கு. மாநில வனவிலங்குத் துறையின் வருமானத்தில் பெரும்பகுதி வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து வருவது. அதற்கு மேல், 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. "கரடியைக் காப்பாற்றியது எங்கள் காசு" என்று அங்கத்திய வேட்டைக்காரர் சொல்வதில் கொஞ்சம் பெருமையும் நிறைய ஆதங்கமும் இருக்கும். அதில் பொய்யில்லை.

எல்க் வேட்டையில் என்ன செய்கிறார்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாத இடம் இது. எனக்குமே வெகுநாள் புரியவில்லை. மலையேறுபவருக்குத் தரும் அறிவுரை எளிது: கூட்டமாகப் போ, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே போ, விடியலிலும் அந்தியிலும் நடக்காதே, பிணநாற்றம் வந்தால் விலகிப் போ. வில்லேந்திய எல்க் வேட்டைக்காரர் இதில் ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் மான் கிடைக்காது.

விடியுமுன் எழுகிறார். தனியாகவோ இன்னொருவரோடோ போகிறார். இலை நிற உடை. காற்று தன்னிடமிருந்து மானை நோக்கி வீசாதபடி எதிர்க்காற்றில் நடக்கிறார். அதே காரணத்தால் புதருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் கரடிக்கும் இவர் வாடை எட்டாது. செப்டம்பர் எல்க் மான்களின் இணைசேரும் காலம். ஆண் மானை வரவழைக்க வாயில் வைத்த சிறு ஊதியால் பெண் மான் போலக் குரல் கொடுக்கிறார். ஆண் மான் மட்டும்தான் கேட்கிறது என்று யார் சொன்னது? குளிர்கால உறக்கத்துக்கு முன் கிரிஸ்லி ஓயாமல் தின்னும் பருவமும் அதுவே. ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை உடலில் ஏற்றிக்கொள்ளும். மலை உச்சிப் பாறைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்துப்பூச்சிகளைக்கூட ஒரே நாளில் 40,000 வரை நக்கித் தீர்க்கும் விலங்கு, மாமிச வாடையை விடுமா?

மான் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை. அதை மலையில் வைத்தே தோலுரித்து நான்கு கால்களாகப் பிரித்து, குதிரையிலோ முதுகிலோ சுமந்து இறக்க வேண்டும். மண்டியிட்டு, தலையைக் குனிந்து, முழங்கை வரை ரத்தத்தோடு பல மணி நேரம். கையில் கத்தி இருக்கும். ஸ்பிரே இடைவாரில் இருந்தால் நல்லது. வியர்க்கிறது என்று பெல்ட்டைக் கழற்றிப் பைமேல் வைத்துவிடுவார்கள். ஒரே நடையில் எல்லாக் கறியையும் தூக்க முடியாது. மிச்சத்தை எடுக்க மறுநாள் வந்தால், குடல் குவியலின் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதனால்தான் அந்த வட்டாரத்தில் துப்பாக்கிச் சத்தத்தைச் சாப்பாட்டு மணி என்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்டுக் கரடி வருகிறதா, காற்றில் வரும் ரத்த வாடைக்கு வருகிறதா என்ற வாதம் இருக்கட்டும். வேட்டைப் பருவத்தில் கிரிஸ்லிகள் யெல்லோஸ்டோன் பூங்காவின் எல்லையைத் தாண்டி வேட்டை நடக்கும் பக்கம் நகர்வது கழுத்துப் பட்டை மாட்டிய ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் இலையுதிர்காலக் கரடிச் சாவுகளில் வேட்டைக்காரர்கள் தற்காப்புக்காகச் சுட்டவை எப்போதும் கணிசம். தற்காப்பு என்றால் குற்றமில்லை. ஆனால் உடனே தெரிவிக்க வேண்டும், விசாரணைக்கு நிற்க வேண்டும். கருங்கரடி என்று நினைத்துக் கிரிஸ்லியைச் சுட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. மோன்டானா 2002-லிருந்து கருங்கரடி உரிமம் வாங்குபவர்களுக்கு அடையாளத் தேர்வு வைக்கிறது: தோளில் திமில், குழிந்த முகம், குட்டையான வட்டக் காது, நீண்ட நகம். நிறத்தைப் பார்க்காதே என்பது முதல் பாடம்.

ஸ்பிரேயா துப்பாக்கியா

டெரஸ் மலைச் சம்பவத்துக்குப் பிறகு சூடாகிப்போன வாக்குவாதம் இது. ஸ்பிரேயின் சரக்கு மிளகாயின் காரம்தான்; எட்டு ஒன்பது மீட்டர் தூரம் ஆரஞ்சு நிற மேகமாகப் பரவும். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து கரடி ஆய்வாளர் டாம் ஸ்மித் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகள் விஷயத்தில் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் ஸ்பிரே வேலை செய்தது. (கிரிஸ்லியும் பழுப்புக் கரடி இனம்தான்.) அதே குழுவின் 2012 ஆய்வு 269 துப்பாக்கிச் சம்பவங்களை எடுத்தது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவருக்கும், வைத்திருந்தும் பயன்படுத்தாதவருக்கும் காயம்படும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஸ்பிரேதான் உசத்தி" என்று எழுதுபவர்களிடம் வேட்டைக்காரர்களுக்குக் கடுப்பு. அதில் நியாயம் உண்டு. ஸ்பிரே சம்பவங்களில் பல, முகாமை வேடிக்கை பார்க்க வந்த கரடியை விரட்டியவை. பாய்ந்து வரும் தாய்க்கரடி வேறு விஷயம். கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டருக்குள் அது தெரிந்தால் கையில் இருப்பது இரண்டே விநாடி.

ஆனால் அந்த இரண்டு விநாடி துப்பாக்கிக்கும் அதே இரண்டு விநாடிதான். டெரஸ் மலையில் ஸ்பிரே அடிக்கப்பட்டும் ஓர் உயிர் போயிற்று. துப்பாக்கி ஒருவர் கைக்கு வந்தும் ஒரு குண்டுகூடப் பாயவில்லை. இதை ஸ்பிரேயின் தோல்வி என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். எனக்குத் தெரிவது: எட்டாத இடத்தில் வைத்தது எதுவானாலும் அது இல்லாததற்குச் சமம். ஒருவர் கறி வெட்டும்போது இன்னொருவர் எதையும் தொடாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதற்குத்தான். குடலை ஓரிடத்தில் விட்டு, கறியை நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே பார்வைக்குத் தெரியும்படி உயரத்தில் கட்டு என்பதும் அப்படித்தான். மாலையில் மானை அடிக்காதே, அடித்தால் இரவு முழுக்க அது காட்டில் கிடக்கும் என்று சொல்வார்கள். சொல்வது எளிது. வருடம் முழுக்கக் காத்திருந்து, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வந்தவர் கண்முன் மாலை ஐந்து மணிக்கு ஆறு கிளைக் கொம்போடு மான் நின்றால்?

மான் குறைந்ததற்கு யார் பொறுப்பு

வேட்டைக்காரர்களின் இன்னொரு குறை, கரடி மான்களைத் தின்று தீர்க்கிறது என்பது. யெல்லோஸ்டோனின் வடக்கு மந்தை 1994 வாக்கில் 19,000; 2013-இல் 4,000-க்கும் கீழே. 1995, 96-இல் கொண்டுவந்து விட்ட ஓநாய்கள்தான் காரணம் என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் 2003 முதல் 2005 வரை கன்றுகளுக்குச் சிறு ரேடியோ மாட்டிப் பார்த்தபோது, இறந்த கன்றுகளில் ஐந்தில் மூன்று பங்கு கரடிகளால் போனவை. ஓநாய் வெகு பின்னால். அதற்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. 1994-இல் யெல்லோஸ்டோன் ஏரியில் யாரோ விட்ட லேக் டிரவுட் மீன் கண்டுபிடிக்கப்பட்டது. அது நாட்டு டிரவுட்டைத் தின்று ஒழித்தது. ஓடைகளில் நாட்டு டிரவுட்டைப் பிடித்துத் தின்ற கரடிகள் கன்றுகள் பக்கம் திரும்பின. வெண்பட்டைப் பைன் மரங்களும் வண்டாலும் பூஞ்சையாலும் செத்துக்கொண்டிருக்க, இலையுதிர்காலத்தில் அதன் கொட்டையைத் தின்ற கரடிக்கும் மாமிசமே மிச்சம்.

மந்தை சரியத் தொடங்கிய ஆண்டுகளில் பூங்காவுக்கு வடக்கே கார்டினர் ஊரில் குளிர்கால வேட்டைக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண் மான்களுக்கு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வயோமிங் முழுவதையும் எடுத்தால் எல்க் ஒரு லட்சத்துக்கும் மேல். பல மந்தைகள் மாநிலம் வைத்த இலக்கைத் தாண்டியவை. ஆகவே "மானே இல்லை" என்ற புகாரை நான் அதிகம் பொருட்படுத்த மாட்டேன்.

22 கரடி

இனி அந்த வேட்டைத் திட்டம். வயோமிங் வகுத்தபடி மையப் பகுதியில் பத்து ஆண் கரடிகள் அல்லது ஒரு பெண் கரடி. பெண் ஒன்று விழுந்தவுடன் அங்கே வேட்டை முடிந்தது. அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒருவர், பத்து நாள் கெடு. வெளிவட்டத்தில் பன்னிரண்டு. உள்ளூர்க்காரருக்கு உரிமம் 600 டாலர், வெளியூருக்கு 6,000. சுமார் 7,000 பேர் குலுக்கலுக்கு விண்ணப்பித்தார்கள். எதிர்ப்பாளர்களும் விண்ணப்பித்தார்கள், சீட்டு விழுந்தால் சுடாமல் வீணாக்குவதற்காக. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் போட்டார், கிடைக்கவில்லை. கிரிஸ்லிப் படங்களுக்குப் பேர்போன புகைப்படக்காரர் தாமஸ் மேங்கல்சனுக்கு எட்டாவது எண் விழுந்தது. வேட்டைக்காரர்கள் இதைத் திருட்டு என்றார்கள். குலுக்கல் என்று வைத்தால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதுதானே விதி.

வெளிவட்டத்தில் தொடங்க இரண்டு நாள் இருக்கையில், ஆகஸ்ட் 30 அன்று அந்த மிசூலா நீதிபதி டேனா கிறிஸ்டன்சன் நிறுத்தினார். செப்டம்பர் 24-இல் முழுத் தீர்ப்பு, பாதுகாப்பு திரும்பியது. வழக்குப் போட்டவர்களில் முன்னால் நின்றது குரோ பழங்குடியினர். கிரிஸ்லி அவர்களுக்குப் புனிதம். இது வேட்டை அறமா இல்லையா என்பது பற்றிய வழக்கல்ல என்று நீதிபதி தெளிவாகவே சொன்னார். ஒரு வட்டாரத்தை மட்டும் பிரித்துப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தால் மற்ற வட்டாரக் கரடிகளுக்கு என்ன ஆகும் என்று மத்திய வனவிலங்குத் துறை பார்க்கவில்லை, தனித்து நிற்கும் கூட்டத்தின் மரபணு வளத்துக்கு வழி சொல்லவில்லை என்பதே குறை. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2007-இல் ஒரு முறை நீக்கி, 2009-இல் இன்னொரு நீதிபதி திருப்பிப் போட்டதும் நடந்த கதை. அப்போது காரணம் பைன் கொட்டை.

வேட்டைக்காரர்களின் கோபத்தின் வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன். "500 என்றீர்கள், வந்துவிட்டது. அப்புறம் மரம் என்றீர்கள், மரபணு என்றீர்கள். கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுகிறீர்கள்." இந்தக் குற்றச்சாட்டை அலட்சியப்படுத்த முடியாது. சட்டம் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை என்பது சரிதான். ஆனால் முப்பது ஆண்டாக அவர்களிடம் சொல்லப்பட்டது எண்ணிக்கை மட்டுமே. வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றவில்லை என்ற நினைப்பு ஊறிப்போனால், அடுத்த முறை காட்டில் நடந்த தாக்குதலைத் தெரிவிக்கவும், சுட்டதை ஒப்புக்கொள்ளவும் மனம் வராது.

ஆனால் அந்தக் கோபத்தை டெரஸ் மலைச் சாவோடு முடிச்சுப் போடும்போது கணக்கு இடிக்கிறது. வயோமிங்கின் விதிப்படி குட்டியோடு இருக்கும் தாய்க்கரடியைச் சுடக் கூடாது. நீதிமன்றம் தலையிடாமல் வேட்டை திட்டமிட்டபடி நடந்திருந்தாலும், அந்தத் தாயும் குட்டியும் அன்று உயிரோடு அங்கேயேதான் இருந்திருக்கும். வேட்டையாடினால் கரடிக்கு மனிதன் மேல் பயம் வரும் என்கிறார்கள். மோன்டானாவின் வடமேற்கில் 1991 வரை கிரிஸ்லி வேட்டை இருந்தது. அலாஸ்காவில் இன்றும் இருக்கிறது. அங்கும் தாக்குதல் உண்டு. செத்த கரடி பாடம் கற்பதில்லை, தனியாக அலையும் கரடி செத்ததை மற்றவை பார்ப்பதுமில்லை. வேட்டைக்கு ஆதரவாக வேறு வாதங்கள் இருக்கலாம், வருமானம், உள்ளூர் உரிமை என்று. எல்க் வேட்டைக்காரரின் பாதுகாப்பு அதில் சேராது.

பிறகு

அதற்குப் பிறகு எண்ணும் முறை மாறியது. பழைய முறை குறைத்து மதிப்பிடுகிறது என்று கரடிகளை எண்ணிவந்த ஆய்வாளர்களே சொல்லிப் புதிய முறைக்குப் போனார்கள். 700 சொச்சம் ஒரே தாவலில் ஆயிரத்தைத் தாண்டியது. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றார்கள் வேட்டைக்காரர்கள். சொன்னார்கள்தான்.

கரடிகளும் பரவின. 2018 அக்டோபரில், இந்தத் தீர்ப்பு வந்த சூட்டோடு, மோன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஸ்டீவன்ஸ்வில் ஊர் கோல்ஃப் மைதானத்தில் ஓர் இளம் கிரிஸ்லி பிடிபட்டது. பல பத்தாண்டுகளாகக் கிரிஸ்லி இல்லாத பள்ளத்தாக்கு அது. 2024 கோடையில், மரபணு பற்றிய நீதிமன்றக் கேள்விக்குப் பதிலாக, வடக்கு மோன்டானாவிலிருந்து இரண்டு கரடிகளை வண்டியில் ஏற்றி யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் விட்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய வனவிலங்குத் துறை பாதுகாப்பை நீக்கக் கோரிய வயோமிங், மோன்டானா இரண்டின் மனுவையும் நிராகரித்தது. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் கரடிகள் சுமார் ஆயிரம், வடக்கிலும் அவ்வளவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே கூட்டமாகவே இனிப் பார்க்கப்போகிறோம் என்றது. சண்டை இப்போது நாடாளுமன்றத்துக்கு நகர்ந்திருக்கிறது.

டீட்டன் வனப்பகுதியில் வில் வேட்டை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது.